கோல்டு டிராகனை ப்ரீட் பண்ணா ஏன் எப்பவும் சாதாரண முட்டையே வருது?

நீங்க கேட்டிருக்கறது மேலோட்டமா பாத்தா மூணு கேள்வி. முட்டை எடுத்து டிராகன் வளக்கற ஆன்லைன் கேமான டிராகன் கேவ்ல, ட்ரேட்ல கிடைச்ச ஒரே ஒரு கோல்டு ஆணை, அதாவது அபூர்வ இனத்து ஆணை, வாரா வாரம் ஒரு சாதாரண பெண்ணோட ப்ரீட் பண்றீங்க, ஒண்ணு முட்டையே விழல, இல்லன்னா தாயோட இனத்துலதான் விழுது, எந்த நேரத்துல பண்ணா கோல்டு வரும்? ரெண்டாவது, புதுசா எடுத்த முட்டை ரெண்டு நோய் வந்து செத்துப்போச்சு, ஏன்? மூணாவது, ஃப்ளைட் ரைசிங்ங்கற இன்னொரு டிராகன் கேம்லயும் சேந்திருக்கேன், அங்கயும் இதே கதைதானா? ஆனா கடைசியில போறபோக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, புது அக்கவுண்ட்டுன்னு கேமே வேணும்னே ஏமாத்துதோன்னு, அதுதான் உங்க நிஜக் கேள்வின்னு எனக்குத் தோணுது. இதுல நம்ம கையில இருக்கறது எது, கையில இல்லாதது எது, அதைத்தான் நீங்க கேக்கறீங்க. அதைப் பிரிச்சுட்டா மத்த மூணுக்கும் பதில் அதுக்குள்ளயே வந்துடும்.

நான் படிச்சது புள்ளியியல், சோறு போடறதும் அதுதான். இந்த ரெண்டு கேமும் பல வருஷமா ஆடறேன். டிராகன் கேவ் 2006ல வந்தது, ஃப்ளைட் ரைசிங் 2013ல, ரெண்டும் இன்னும் உயிரோட இருக்குங்கறதே பெரிய விஷயம். கேமை எழுதினவங்களோட எனக்கு எந்த சம்பந்தமும் இல்ல, உள்ள ஓடற ப்ரோக்ராமைப் பாத்தவனும் இல்ல. அதனால கேமே விதியா சொல்றது, ஆடறவங்க எண்ணி எண்ணி கண்டுபிடிச்சது, சும்மா வாய்வழியா சுத்திட்டு இருக்கற நம்பிக்கை, இந்த மூணையும் கலக்காம சொல்லப் பாக்கறேன்.

முதல்ல செத்துப்போன முட்டை, ஏன்னா அது முழுக்க உங்க கையில இருக்கற விஷயம். டிராகன் கேவ்ல ஒரு முட்டையை எடுத்தா 7 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அதுக்குள்ள பொரிக்கலன்னா முட்டை அவ்ளோதான். பொரிக்கறதுக்கு வேண்டியது வியூவும் கிளிக்கும், அதாவது மத்தவங்க உங்க முட்டையோட படத்தைப் பாக்கணும், சிலர் தொட்டு உள்ள வரணும். ஆனா எவ்ளோ வியூ வந்தாலும் மிச்ச நேரம் 4 நாளுக்குக் கீழ இறங்குற வரைக்கும் பொரிக்காது. இந்த ஒரு விஷயம் புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. அவங்க என்ன பண்றாங்க, முட்டை கையில வந்த உற்சாகத்துல அன்னிக்கே இருக்கற எல்லா ஹேட்ச்சரி சைட்லயும், அதாவது வியூ சேக்கறதுக்குன்னே முட்டையைக் காட்டற சைட்ல, கொண்டுபோய் போட்டுடறாங்க. சின்ன முட்டைக்குக் கொஞ்ச நேரத்துல ஏகப்பட்ட பார்வை குவிஞ்சா அது நோய்ல படுத்துடும், அதுக்கப்புறமும் அங்கயே விட்டு வச்சா செத்துடும். உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான்னு நினைக்கிறேன், ஏன்னா எடுத்த மறுநாளே நோய்னு எழுதியிருக்கீங்க. வியூ பத்தாம சாகற முட்டை மறுநாள் சாகாது, கடைசி நாள் வரைக்கும் சும்மா உக்காந்திருந்துட்டுதான் சாகும்.

வழி ரொம்ப சுலபம். எடுத்த முட்டையை முதல் ரெண்டு மூணு நாள் சும்மா விடுங்க, யார்கிட்டயும் காட்டாதீங்க. 4 நாளை நெருங்கும்போது ஒரே ஒரு ஹேட்ச்சரியில போடுங்க, போதலன்னா இன்னொண்ணு சேத்துக்கோங்க. நோய்னு காட்டிச்சுன்னா உடனே எல்லா எடத்துலேர்ந்தும் எடுத்துட்டு ஃபாக் போட்டு மறைச்சு வைங்க, பார்வை நின்னுடும், கொஞ்ச நேரத்துல தேறிடும். ஆனா ஃபாக் போட்டாலும் கடிகாரம் நிக்காது, அதை மறந்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்து பாத்துட்டு அழறவங்க நிறைய. ரெட் டிராகன் ஒண்ணு பெரிசா வளந்து உங்க ஸ்க்ரோல்ல, அதாவது உங்க டிராகனெல்லாம் இருக்கற பக்கத்துல, இருந்தா அதோட இன்குபேட்ங்கற வேலையை வச்சு ஒரு முட்டையோட நேரத்தை ஒரு நாள் குறைக்கலாம், அவசரக்காரங்களுக்கு அது நல்ல துணை. பொரிச்ச குட்டிக்கும் கிட்டத்தட்ட இதே சடங்குதான், வளந்து பெரிசாகற வரைக்கும் வியூ வேணும், அவசரப்பட்டா அதுவும் படுத்துக்கும்.

இப்ப கோல்டுக்கு வரேன். டிராகன் கேவ்ல ரெண்டு வளந்த டிராகனை, ஒரு ஆண் ஒரு பெண், ஜோடி போட்டா மூணுல ஒண்ணு நடக்கும். முட்டை விழும், இல்ல அன்னிக்கு முட்டை இல்லன்னு சொல்லும், இல்ல ஒண்ணுக்கொண்ணு பிடிக்கலன்னு சொல்லிடும். கடைசியா சொன்னது நிரந்தரம், அந்த ஜோடி இனிமே எப்பவும் சேராது, நேரம் மாத்தி மறுபடி முயற்சி பண்றதெல்லாம் வீண், ரெண்டுக்கும் வேற துணை பாருங்க. மத்த ரெண்டு முடிவுலயும் ஒரு வாரம் காத்திருந்துட்டு திரும்பப் பண்ணலாம். முட்டை விழுந்தா, ஹைப்ரிட் மாதிரி சில விசேஷ ஜோடிகளை விட்டுட்டா, அது அப்பாவோட இனமா இருக்கும் இல்ல அம்மாவோட இனமா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல கலவையா ஒண்ணு வராது. இதுவரைக்கும் சொன்னது சந்தேகமே இல்லாத விஷயம். பிக்மி வகை பிக்மியோடதான் சேரும், ட்ரேக் வகை ட்ரேக்கோடதான் சேரும்ங்கறதும் அதே மாதிரி விதிதான், ஜோடி தேடும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்பா இனமா அம்மா இனமாங்கறது சரிபாதி சான்ஸ் இல்லங்கறதும் எல்லாரும் பாத்த விஷயம். அபூர்வ இனமும் சாதாரண இனமும் சேந்தா பெரும்பாலும் சாதாரண பக்கம்தான் விழும். நீங்க அடுத்து யோசிக்கப் போறது எனக்குத் தெரியும், அப்ப இன்னொரு கோல்டு பெண்ணைப் பிடிச்சு ரெண்டையும் சேத்துட்டா விழறது கோல்டாதானே இருக்கணும்னு. ஆமா, விழுந்தா கோல்டுதான். ஆனா அந்த ஜோடி பெரும்பாலான வாரம் முட்டையே இல்லன்னு சொல்லிடும். அபூர்வம் அபூர்வமாவே இருக்கணும்னா கேம் எங்கயாவது கதவைச் சாத்தணும் இல்லையா, ஒரு ஜோடியில இனத்துல சாத்துது, இன்னொரு ஜோடியில முட்டையிலயே சாத்துது. அதனால ரெண்டு கோல்டு வச்சிருக்கறவங்க பல பேர் அதை ஒண்ணா சேக்கறதில்ல, தனித்தனியா வேற துணையோட விடறாங்க. எந்தத் துணையோட விட்டா கோல்டு வர்ற வாய்ப்பு கூடும், சாதாரண இனமா, நடுத்தர இனமா? இதுல பழைய ஆட்டக்காரங்களே ரெண்டு கட்சியா இருக்காங்க. சரியான விகிதத்தை கேம் வெளியிட்டதில்ல. ஒரு இனத்துல மொத்தம் எத்தனை உருப்படி கேமுக்குள்ள இருக்குங்கறதைப் பொறுத்து அந்த விகிதம் நகருதுன்னு ரொம்ப நாளா ஒரு கருத்து இருக்கு, நடக்கறதைப் பாத்தா அது பொருந்தற மாதிரிதான் இருக்கு, ஆனா அதை நான் உறுதியான பட்டியல்ல சேக்க மாட்டேன்.

நேரத்துக்கு வாங்க. ராத்திரி 12 அடிச்ச உடனே பண்ணணும், மணி முழுசா ஆகும்போது பண்ணணும், பேர் வச்ச டிராகன் நல்லா முட்டை போடும், பேர் வைக்காததுதான் நல்லா போடும், இதெல்லாம் நானும் கேட்டிருக்கேன், ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா இருக்கறதே ஒரு தகவல்தான். குகையில, அதாவது எல்லாரும் முட்டை எடுக்கற பொது எடத்துல, புது முட்டை வந்து விழறதுக்கு நேரம் உண்டு, அது நிஜம், அங்க சரியான நொடியில விரல் வேகமா இருக்கணும். அந்த நிஜத்தைப் பாத்துட்டு ப்ரீடிங்குக்கும் நேரம் இருக்கும்னு ஜனங்க நீட்டிக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். முக்கியமான விதிவிலக்கு ஹாலிடே டிராகன், ஹாலோவீன், கிறிஸ்துமஸ், வாலண்டைன் டிராகனெல்லாம் அந்தந்த சீசன்லதான் தன் இனத்துல முட்டை போடும், மத்த நாள்ல எவ்ளோ முயற்சி பண்ணாலும் துணையோட இனம்தான்.

சரி, நேரத்துக்கு நிஜமாவே பங்கு இருக்கான்னு சோதிச்சுப் பாத்துடலாமேன்னு கேப்பீங்க. தாராளமா. கோல்டு விழற வாய்ப்பு சாதாரணமா 10 சதவீதம்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், ராத்திரி பண்ணா 15 ஆகுதுன்னு உங்க சந்தேகம். 10க்கும் 15க்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோட பிடிக்கணும்னா ராத்திரிக்கு ஒரு 680 முயற்சி, பகலுக்கு ஒரு 680 முயற்சி வேணும், இது புள்ளியியல்ல வழக்கமா போடற கணக்கு, நான் இதுக்குன்னு இட்டுக்கட்டினது இல்ல. ஒரு ஜோடி வாரத்துக்கு ஒரு தடவைதான். அப்ப ஒரே ஜோடியை வச்சுக்கிட்டு ஒரு பக்கத்தை முடிக்கவே 13 வருஷம் ஆகும். அதனால ரெண்டு மாசம் பண்ணிப் பாத்தேன் ராத்திரிதான் நல்லதுன்னு யாராவது சொன்னா அவங்க பொய் சொல்றாங்கன்னு அர்த்தமில்ல, அவங்க கையில இருக்கற எண்ணிக்கையில எதையும் சொல்லவே முடியாதுங்கறதுதான் அர்த்தம். பல பேர் சேந்து, தோத்ததையும் விடாம பதிவு பண்ணி, பொதுவா ஒரே தாள்ல குவிச்சா அது வேற. அப்படி குவிச்ச கணக்கை நான் நம்புவேன். ஜெயிச்சதை மட்டும் வந்து சொல்ற இடத்துல எந்த நம்பிக்கையும் உண்மை மாதிரிதான் தெரியும்.

ஏமாத்துதோங்கற சந்தேகத்துக்கும் இதே கணக்குதான் பதில். அதே 10 சதவீதத்தை வச்சுப் பாருங்க. பத்து தடவை பண்ணா ஒரு தடவையாவது கிடைக்கறதுக்கு வாய்ப்பு 65 சதவீதம்தான், நூறு இல்ல. 90 சதவீத நம்பிக்கை வேணும்னா 22 முயற்சி வேணும். 30 தடவை பண்ணியும் ஒண்ணுமே கிடைக்காம போறவங்க நூத்துக்கு நாலு பேர் இருப்பாங்க, ஆயிரம் பேர் ஆடற எடத்துல அது 42 பேர், அந்த 42 பேரும் வந்து புலம்புவாங்க, புலம்பறது நியாயமும்கூட, ஆனா அதுல ஏமாத்து எதுவும் இல்ல. இன்னொண்ணு, போன வாரம் கிடைக்கலங்கறதால இந்த வாரம் வாய்ப்பு கூடாது. முந்தினது எதையும் ஞாபகம் வச்சுக்காத கணக்கு இது. இந்தத் தடவை வந்தே ஆகணும்னு மனசு சொல்றது மனசோட வேலை. புது அக்கவுண்ட்டுக்குன்னு தனி விகிதம் இருக்கறதா நம்பற மாதிரி எந்த ஆதாரத்தையும் நான் பாத்ததில்ல. புதுசா வர்றவங்ககிட்ட முட்டை வச்சுக்கற ஸ்லாட் கம்மி, ஜோடி கம்மி, அதனால வாரத்துக்கு முயற்சி கம்மி, அதுவே போதும் துரதிர்ஷ்டம் மாதிரி தோண.

அப்ப உங்க கையில இருக்கறது என்னன்னா முயற்சியோட எண்ணிக்கை. 1 சதவீத வாய்ப்புள்ள ஒரு விஷயத்துக்கு, பாதிக்குப் பாதி கிடைக்கணும்னாலே 69 முயற்சி வேணும், ஒரு ஜோடின்னா ஒரு வருஷத்துக்கும் மேல, பத்து ஜோடின்னா ஏழு வாரம். அபூர்வத்தைத் துரத்தறவங்க பெரிய ஸ்க்ரோல் வச்சிருக்கறது அலங்காரத்துக்கு இல்ல. ஆனா கோல்டு ஒண்ணுதான் இருக்குங்கறப்ப இது உங்களுக்கு உதவாது, அதனால உங்களுக்கு நான் சொல்ற வழி வேற, அதுதான் இந்த கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும்கூட.

லீனியேஜைப் பாருங்க. ஒவ்வொரு டிராகனுக்கும் அதோட அப்பா அம்மா, தாத்தா பாட்டின்னு மரம் மாதிரி விரிஞ்சு காட்டும். குகையிலேர்ந்து நேரா எடுத்ததுக்கு முன்னோர் கிடையாது, அதை சிபின்னு சொல்லுவாங்க. ரெண்டு சிபி சேந்து வந்தது ரெண்டாம் ஜென், அதாவது ரெண்டாம் தலைமுறை. ரெண்டு ரெண்டாம் ஜென் சேந்தா மூணாம் ஜென், ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல நிக்கறதால அதை ஈவன் ஜென்ம்பாங்க. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. நாலாம் ஜென் ஒண்ணுக்கு அடியில 8 சிபி வேணும், அஞ்சாம் ஜென்னுக்கு 16, ஆறாம் ஜென்னுக்கு 32, ஒண்ணுகூட ரெண்டு எடத்துல வராம. அஞ்சாம் ஜென் முட்டை ஒண்ணுக்குப் பின்னாடி மொத்தம் 30 முன்னோர் நிக்குது, அதுல ஒவ்வொண்ணையும் யாரோ எடுத்து, காப்பாத்தி, வளத்து, ஆணா பெண்ணான்னு கவலைப்பட்டு, ஜோடி சேருமா சேராதான்னு பாத்து வச்சிருக்காங்க. நடுவுல ஒரு ஜோடி பிடிக்கலன்னு சொல்லிட்டா அந்த இடத்துக்கு மறுபடி அடியிலேர்ந்து கட்டணும். அதனாலதான் அனுபவசாலிங்க ஒரே அப்பா அம்மாக்கு ரெண்டு மூணு குட்டி எடுத்து வச்சுக்குவாங்க, ஒண்ணு மறுத்தா இன்னொண்ணை முன்னாடி விட.

இதுலயும் அழகு பல விதம். ஆணெல்லாம் ஒரு இனம், பெண்ணெல்லாம் வேற இனம்னு ஒவ்வொரு தலைமுறையிலயும் மாத்தி மாத்தி வந்தா மரம் சதுரங்கக் கட்டம் மாதிரி தெரியும், அதுக்கு செக்கர்னு பேர். ஒவ்வொரு தலைமுறையிலயும் குட்டியை எடுத்து புது சிபி ஒண்ணோட சேத்துக்கிட்டே போனா படிக்கட்டு மாதிரி இறங்கும், அது ஸ்டேர். ஸ்டேருக்கு சிபி கம்மியா போதும், ஒரு தலைமுறைக்கு ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு படியிலயும் விழற முட்டை நீங்க நினைச்ச இனமா இருக்கணும். செக்கருக்கு ஒவ்வொரு படியிலயும் ரெண்டு இனமும் விழணும், ஆணும் பெண்ணும் சரியான இனத்துல அமையணும். முட்டைக்குள்ள இருக்கறது ஆணா பெண்ணான்னு முன்கூட்டியே தெரியாது, குட்டியா கொஞ்சம் வளந்தப்புறம்தான் காட்டும். பிங்க் டிராகனுக்கு ஒரு வேலை உண்டு, எந்தப் பால்ல வரணும்னு முன்னாடியே முடிவு பண்ண வைக்கலாம், லீனியேஜ் கட்டறவங்களுக்கு ரெட் டிராகனைவிட பிங்க்தான் பொக்கிஷம். சொந்தத்துக்குள்ளயே சேத்தா இன்ப்ரெட்னு மரத்துல அப்படியே தெரியும். அதுக்காக கேம் குட்டியை நோஞ்சானா ஆக்காது, வேற தண்டனையும் இல்ல, ஆனா ட்ரேட்ல பல பேர் தொடக்கூட மாட்டாங்க. என்னைக் கேட்டா இன்ப்ரெட் வெறுப்பு கொஞ்சம் ஓவர்தான், வேணும்னே வட்டமா சுத்தி வர்ற மாதிரி கட்டின அழகான மரங்களும் இருக்கு. ஆனா சந்தை என் ரசனைக்கு ஓடாது.

இதை ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, உங்க கோல்டு போடற சாதாரண முட்டையைத் தோல்வின்னு நினைக்கிறீங்க. உங்க கோல்டு சிபியா இருந்து, துணையும் சிபியா இருந்தா, அந்த சாதாரண முட்டை ஒவ்வொண்ணும் கோல்டை அப்பாவா வச்சிருக்கற ரெண்டாம் ஜென். கோல்டும் அந்த இனமும் கலந்து செக்கரோ ஈவன் ஜென்னோ கட்டறவங்களுக்கு அதுதான் மரத்தோட மறுபாதி. கோல்டு முட்டை அளவுக்கு விலை போகாது, ஆனா தேடி வாங்க ஆள் இருக்கு. துணையை எப்படித் தேர்ந்தெடுக்கறதுங்கறது இங்கதான் முக்கியம் ஆகுது. ஸ்க்ரோல்ல கைக்குக் கிடைச்ச பெண்ணோட சேக்காம, கோல்டு பக்கத்துல வச்சுப் பாத்தா படம் நல்லா இருக்கற, ஆனா குகையில சுலபமா சிபி கிடைக்கற ஒரு இனத்தை எடுங்க. அந்தப் பெண்ணுக்கு முன்னோர் குழப்பமா இருந்தா, நாளைக்கு நிஜமாவே கோல்டு முட்டை விழுந்தாலும் அதோட மரம் குழப்பமாத்தான் இருக்கும், அது இன்னும் வேதனை. உங்க கோல்டு ட்ரேட்ல வந்ததுன்னு சொன்னீங்க, அது சிபியான்னு லீனியேஜைத் திறந்து ஒரு தடவை பாத்துடுங்க. இல்லன்னா அது எத்தனாம் ஜென்னோ அதே ஜென்ல துணை தேடுங்க.

ஃப்ளைட் ரைசிங் பத்தி. அங்க மனநிலையே வேற. முட்டை சாகாது, பசியில டிராகனும் சாகாது, கூட்டுல இருக்கற முட்டையை ஒரு நாளைக்கு ஒரு தடவை இன்குபேட் பண்ணணும், அஞ்சு தடவை ஆனா பொரிக்கும், ஒரு நாள் மறந்தா ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்ளோதான். இனத்துக்கும் ஜீனுக்கும், அதாவது உடம்புல வர்ற கோலத்துக்கும், அபூர்வ அளவு அங்க வெளிப்படையாவே எழுதியிருக்கும், ரொம்ப மலிவான ஒண்ணும் ரொம்ப அபூர்வமான ஒண்ணும் சேந்தா அபூர்வம் வர்றது நூத்துல ஒண்ணு அளவுக்குத்தான்னு ஆடறவங்க சேத்து வச்ச கணக்கு சொல்லுது. ஆனா அங்க நான் இனத்தைத் துரத்தவே மாட்டேன், ஏன்னா இனத்தையும் ஜீனையும் அங்க ஸ்க்ரோல்னு சொல்ற பொருளை வாங்கி மாத்திக்கலாம், கேம் காசு சேத்தா போதும். ஏன்ஷன்ட் வகை இனங்கள் மட்டும் தன் இனத்தோடதான் சேரும், அங்க குழப்பத்துக்கே இடம் இல்ல.

நீங்க நினைச்ச மாதிரி உக்காந்து வாங்க முடியாதது நிறம். அங்க 177 நிறம் ஒரு சக்கரமா வரிசையா நிக்குது, 2016க்கு முன்னாடி 67தான் இருந்தது. அப்பா நிறத்துக்கும் அம்மா நிறத்துக்கும் நடுவுல, சக்கரத்துல எந்தப் பக்கம் தூரம் கம்மியோ அந்தப் பக்கத்துல இருக்கற ஏதோ ஒரு நிறம்தான் குட்டிக்கு வரும். இப்படி மூணு எடத்துக்கு, உடம்பு, இறக்கை, அப்புறம் மேல வர்ற நுணுக்கம், தனித்தனியா உருட்டும். ஒவ்வொண்ணுலயும் பத்து நிறம் அகலத்துக்கு வாய்ப்பு இருந்து, எல்லாம் சமமா விழும்னு வச்சுக்கிட்டா, நீங்க மனசுல நினைச்ச அதே மூணு நிறம் அமையறது ஆயிரத்துல ஒண்ணு. அகலத்தை ரெண்டா குறைச்சா எட்டுல ஒண்ணு. ஒரு எடத்துல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அதே நிறம்னா அந்த எடம் நிச்சயம். அதாவது டிராகன் கேவ்ல நீங்க எண்ணிக்கையைத்தான் கூட்ட முடியும், இங்க வாய்ப்பையே கூட்டலாம், துணையைத் தேடற பொறுமை இருந்தா.

இதுல ஒரு முட்டுக்கட்டை உண்டு. நிஜ மிருகங்களை வளக்கறவங்க நல்லா அமைஞ்ச குட்டியைத் திரும்ப அப்பாவோடயோ அம்மாவோடயோ சேத்து குணத்தை இறுக்குவாங்க. ஃப்ளைட் ரைசிங்ல அஞ்சு தலைமுறைக்குள்ள சொந்தமா இருந்தா ஜோடியே சேராது. அதனால நெருங்கி வந்த ஒரு குட்டி கிடைச்சுட்டா, அதுக்குத் துணையா அதே அளவுக்கு நெருங்கின, ஆனா சொந்தமே இல்லாத இன்னொண்ணு வேணும். ரெண்டு வரிசையை ஆரம்பத்துலேர்ந்தே தனித்தனியா ஓட்டிட்டு வரணும், இல்ல அதே நிறத்தைத் துரத்தற இன்னொருத்தரோட பேசி மாத்திக்கணும். ரெண்டாவதுதான் சுலபம், ஜாலியும்கூட. வேண்டாத குட்டிங்க கூட்டமா நின்னா எக்ஸால்ட் பண்ணலாம், அதாவது நிரந்தரமா அனுப்பிடலாம், காசு வரும், ஆனா போனது திரும்ப வராது, அதனால பிடிச்சதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டு அனுப்புங்க. கண் வகை பொரிக்கும்போது அதிர்ஷ்டத்துல அமையறது, அபூர்வக் கண்ணோட குட்டி பிறந்தா நிறம் சுமாரா இருந்தாலும் அவசரப்பட்டு அனுப்பிடாதீங்க.

இன்னும் வேகமா போகணும்னு ரெண்டாவது அக்கவுண்ட் திறக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா இந்த எடத்துல எல்லாரும் அடுத்து அதுக்குத்தான் போவாங்க. ஃப்ளைட் ரைசிங்ல ஒருத்தருக்கு ஒரு அக்கவுண்ட்தான், மாட்டினா எல்லாமே போயிடும். நிஜப் பணத்துக்கு கோல்டு தரேன்னு தனியா மெசேஜ் பண்றவங்ககிட்டயும் வாங்காதீங்க, கேமுக்கு வெளிய நடக்கற வியாபாரத்துல ஏமாந்தா யாரும் உங்களுக்காகப் பேச மாட்டாங்க.

இப்போதைக்கு இதைப் பண்ணுங்க. கோல்டோட லீனியேஜைப் பாருங்க. சிபின்னா, படத்துக்குப் பொருந்தற ஒரு இனத்துல சிபி பெண் நாலஞ்சு வளருங்க, முட்டையை 4 நாள் வரைக்கும் மறைச்சு வச்சு. வளந்ததும் வாரத்துக்கு ஒண்ணா கோல்டோட சேத்துப் பாருங்க, மறுக்கறதைத் தள்ளி வைங்க, சேர்றதுல ஒண்ணை நிரந்தரத் துணையா வச்சுக்கோங்க. ஒரு தாள்ல தேதி, ஜோடி, முட்டை வந்ததா, எந்த இனம், இவ்ளோ மட்டும் எழுதுங்க, வராத வாரத்தையும் சேத்து. வர்ற சாதாரண முட்டையில முதல் ரெண்டு மூணை நீங்களே வச்சுக்கோங்க, மிச்சத்தை கோல்டு ரெண்டாம் ஜென்னு சொல்லி ட்ரேட்ல போடுங்க, பதிலுக்கு கோல்டு கேக்காதீங்க, அதே ஜோடி இனத்துல சொந்தமில்லாத ரெண்டாம் ஜென் கேளுங்க. அது கிடைச்சதும் உங்க மூணாம் ஜென்னுக்கு ஜோடி தயாரா இருக்கும்.